இருபத்திநாலு-இருபத்தேழு

என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வீடு உண்டு. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், துணி துவைக்கிற இடத்தை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. அதில் கட்டில் கிடையாது. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு இரும்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே போனால் மனிதர் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரமாட்டார். "அந்த சின்ன வீட்டோடயே குடும்பம் நடத்துங்க, என்னை விட்ருங்க" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கோபமும் வராது அவருக்கு, வெட்கமும் வராது.

கோபமெல்லாம் எனக்குத்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் தள்ளிவிட்டு, முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்க வீட்டுக்கு வந்தால், செருப்பு விடுகிற இடத்தில் ஒரு வாளி மண்ணெண்ணெய் இருக்கும். உள்ளே ஏதாவது துருப்பிடித்த ஸ்பானர் ஊறிக்கொண்டிருக்கும். கத்துவதற்குக்கூடத் தெம்பு இருக்காது. வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவேன்.

அப்படி என்னதான் சேர்க்கிறார் என்று கேட்பீர்கள். ஒரு பெரிய கம்பெனி. அது செய்கிற ஸ்பானர், சுத்தியல், கட்டிங் பிளேயர் எல்லாம் அப்படி மின்னும். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்க உத்தரவாதம். உடைந்தால் கடையில் கொடுத்துவிட்டுக் கையோடு புதிது வாங்கி வரலாம். அதே கம்பெனி ஒரு காலத்தில், அவ்வளவு விலை கொடுக்க முடியாதவர்களுக்கென்று இன்னொரு ரகமும் போட்டது. அதே உலை, அதே இரும்பு என்பார் இவர். ஆனால் மினுக்கு இல்லை, கறுப்பாக இருக்கும். கம்பெனி பேரும் இருக்காது. கைப்பிடியில் சின்னதாக ஒரு முக்கோணம் மட்டும் குத்தியிருக்கும். பெற்றது தான்தான், பேர் கொடுக்க மட்டும் மனசில்லை. உத்தரவாதமும் கிடையாது. அந்த ரகத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கித் தேடுவது அந்த முக்கோணத்தைத்தான்.

இவருக்கு ஒரு சினேகிதர். மின்னுகிற ரகத்தைச் சேர்க்கிறவர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பளபளா. ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே பலகையைப் பார்த்து, "ஏன்யா, சேர்க்கறதுதான் சேர்க்கற, நல்லதா சேர்க்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"உன்னுது உடைஞ்சா புதுசு குடுத்துருவான்," என்றார் இவர். "இதுக்கு யாரும் குடுக்கமாட்டான். உடைஞ்சா குப்பைதான். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு உடையாம இருக்குன்னா, அது தானா தாக்குப் புடிச்சு நின்னிருக்குன்னு அர்த்தம்."

பளபளா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

பலகையின் நடுவில் பன்னிரண்டு ஆணி. இரட்டை வாய் ஸ்பானர் செட் அது. ஆறு-ஏழு, எட்டு-ஒன்பது என்று சின்னதிலிருந்து பெரிது வரை ஏறும். ஒரு முனை ஒரு அளவு, மறுமுனை அதைவிடப் பெரிய அளவு. இருபது வருஷத்தில் பதினொன்று சேர்த்திருந்தார். ஒரே ஒரு ஆணி காலி. அதற்குக் கீழே பலகையில் பென்சிலால் ஸ்பானர் உருவம் வரைந்து, 'இருபத்திநாலு-இருபத்தேழு' என்று எழுதியிருப்பார். அவ்வளவு பெரிய நட்டு வீடுகளில் எங்கே இருக்கிறது? அதனால் அதை வாங்கினவர்களும் குறைவாம், இன்று கிடைப்பதும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொன்றையும் கழற்றி, ஒரு மஞ்சள் பிளானல் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டுவார். கடைசியில் அந்தக் காலி ஆணியையும் ஒரு துடைப்பு துடைப்பார். அந்த மஞ்சள் துணியை நான் தொட்டால்கூடத் திட்டு விழும். அப்படி ஒரு பைத்தியம்.

இனி என் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஒரே பெண். முதலில் அவளுக்கு நாங்கள் பார்த்துச் செய்துவைத்த மாப்பிள்ளை பெரிய ஆபீஸ், பெரிய பேச்சு. "உங்க பொண்ண ராணி மாதிரி வெச்சுப்பேன்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இவரும் ஊரெல்லாம் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று சொல்லித் திரிந்தார். மூன்றே வருஷம். ஒரு பெட்டியோடு பெண் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. அவள் கழுத்தெலும்பு கூடிவர நாளாயிற்று, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவதை அவளே தேடிக்கொண்டாள். சரக்கு வேன் ஓட்டுகிற பையன். சத்தமாகப் பேசமாட்டான், தட்டில் போட்டதைச் சாப்பிடுவான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தெருவிலேயே வீடு பிடித்துக் குடிவந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. வேலை முடிந்து வரும் வழியில் அவள் வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து கால் நீட்டிவிட்டு வருவேன். அவள் என் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். என் நாளில் நல்லதென்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

இவருக்குத்தான் அந்தப் பையனோடு ஒட்டவில்லை. சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டாலாவது தேவலை. அவன் வீட்டுக்குள் வந்தால் எழுந்து நின்று, "வாங்க டிரைவர் சார், உக்காருங்க" என்பார். அவன் உட்கார்ந்ததும் பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். டிரைவர் சாராம்! ஒரு தரம் சுட்டுக்கொண்ட கை என்று எனக்குப் புரியும். அந்தப் பையனுக்கு எப்படிப் புரியும்? இரண்டு வருஷம் அவன் அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் காபி குடித்தான்.

அப்போது அவன் கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. வேறு ஊரில் கிடங்கு திறக்கிறார்கள், அங்கே போனால் சூப்பர்வைசர் வேலை. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேரலாம், அவ்வளவு தூரம்.

"போகப் போறோம்மா," என்றாள் பெண். "இங்க இருந்து என்ன? அப்பா அவர ஒரு மனுஷனாவே பாக்கல. அவர் வாய் விட்டுச் சொல்லமாட்டாரு, ஆனா ராத்திரி தூங்கறதில்ல."

"கொஞ்சம் பொறுடி. அப்பா மாறுவாரு."

"எப்ப? அந்தப் பன்னெண்டாவது ஸ்பானர் கிடைச்ச பிறகா?"

திரும்பி வந்த பிள்ளை மறுபடியும் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுவாள் என்பதைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு எனக்கு ஓடவில்லை. இவரிடம் சொன்னேன். "அவங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் துணியை உதறினார்.

அந்தச் சமயத்தில் இவரை வேறொரு பம்ப் ஹவுசுக்கு ஒரு வார வேலையாக அனுப்பினார்கள். தண்ணீர் இறைக்கிற நிலையத்தில் பிட்டர் இவர். எங்கேயாவது மோட்டார் புகைந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். நானும் அந்த வாரம் இரட்டை ஷிப்ட். வீட்டுக்கு வருவதும் விழுவதுமாக இருந்தேன். பெண்ணும் மருமகனும் வந்து போகிறார்கள், பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்பது வரைதான் எனக்குத் தெரியும். "உள்ள போய்ப் பாத்துடாதம்மா, அப்பாவுக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கோம்" என்றாள். சுண்ணாம்பு அடிக்கிறார்கள் போல என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இவர் திரும்பி வந்தார், ஒரு வாரத் தாடியோடு, தோளில் பையோடு. பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மருமகன் அறைக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

பலகையில் பதினொரு ஸ்பானர்களும் மின்னின. புத்தம் புதியவை, பெரிய பேர் போட்டவை. பல்பு வெளிச்சம் பட்டு என் கண்ணே கூசியது.

"எல்லாம் புதுசு மாமா," என்றான். "வாழ்நாள் கேரண்டி. உடைஞ்சா மாத்திக்கலாம்."

"பழசு?" என்றார் இவர்.

"கடைல குடுத்துட்டேன் மாமா. நம்ம வண்டி அங்கதான் சரக்கு இறக்குது, மேனேஜர் நல்ல பழக்கம். இந்தக் கறுப்பு ரகத்துக்கு கேரண்டி கிடையாதுன்னுதான் சொன்னாரு. நான் விடலையே! ஒரே கம்பெனிதான சார்னு கெஞ்சிக் கூத்தாடி மாத்திட்டேன்."

"அப்பா எப்பவும் பழசாவே தேடித் தேடி வாங்கறாரு, புதுசு வாங்க மனசு வரமாட்டேங்குதுன்னு நாந்தான் சொன்னேன்," என்றாள் பெண், பெருமையாக.

"கடைலதான இருக்கும்?" இவர் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்ல மாமா. திரும்ப வர்றத ரெண்டா வெட்டித்தான் டிரம்ல போடணுமாம். இல்லன்னா யாராவது எடுத்துட்டுப் போய் மறுபடி புதுசு கேப்பாங்களாம். கடை ஆளுங்க வேலையா இருந்தாங்க. நானே மெஷின்ல குடுத்து வெட்டிட்டேன், பதினொண்ணையும்."

நான் இவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கையை நீட்டி ஒரு புது ஸ்பானரை ஆணியிலிருந்து எடுத்தார், எடை பார்த்தார், திரும்ப மாட்டினார். "ரொம்ப நன்றிங்க டிரைவர் சார்," என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அட பாவிங்களா!" என்று கத்தினேன். "ரெண்டு பேருக்கும் ஒரு தலைதானா? அதுல பாதி மூளைகூட இல்லையா? இருபது வருஷம் அந்த மனுஷன் நாய் மாதிரி அலைஞ்சு சேர்த்தது அது! புதுசு வாங்க வக்கில்லாமையா அத வெச்சிருந்தாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. தெருவே கேட்டிருக்கும்.

மருமகன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பலகையைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான், செருப்பைக்கூட மாட்டாமல் வாசலைத் தாண்டிப் போனான். பெண் அழுதுகொண்டே அவன் செருப்பைக் கையில் எடுத்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டோம், அதுக்காக இப்படியாம்மா?" என்றாள். "அப்பா டிரைவர் சார்னு சொன்னாரே, கேட்டியா? இன்னிக்கும்! நாளைக்கே கம்பெனில சரின்னு சொல்லச் சொல்லப் போறேன்."

போய்விட்டாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். நல்லது நினைத்துச் செய்தவனையும் நானே துரத்திவிட்டேன். குளித்து வந்தவரும் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் வேன் வந்து நின்றது. மருமகன் ஒரு கோணிப்பையை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் கூடத்துத் தரையில் கவிழ்த்தான். கறுப்புக் கறுப்பாக, பாதிப் பாதியாக ஸ்பானர்கள். கடை திறக்கும் முன்னே காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், டிரம்முக்குள் இறங்கித் துழாவி எடுத்திருக்கிறான். சட்டையெல்லாம் கரி, முழங்கையில் ரத்தக் கீறல்.

இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பாதியை எடுத்தார், அதன் மறுபாதியைத் தேடினார், இரண்டையும் சேர்த்து வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் ஜோடி சேர்ந்த பிறகு ஒன்றைக் கையில் எடுத்து வெட்டு வாயைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் சிவக்க ஆரம்பித்தது.

"என்னய்யா வெட்டு இது?" என்று எழுந்தார். "கோணல் மாணலா! இடுக்கியில வெச்சு இறுக்காம, கைலயே புடிச்சு வெட்டினியா?"

"ஆமா மாமா."

"பதினொண்ணையும்?"

"ஆமா மாமா."

"முட்டாளாய்யா நீ? அந்த மெஷின் சக்கரம் ஒரு தடவ துள்ளியிருந்தா என்ன ஆயிருக்கும்? விரல் போயிருக்கும்! மணிக்கட்டோட போயிருக்கும்! என் பொண்ணு ஒரு தடவ பட்டது போதாதா? கையில்லாத புருஷனோட அவ நிக்கணுமா? கொஞ்சமாவது அறிவிருக்கா உனக்கு?"

வீடு அதிரக் கத்தினார். கையிலிருந்த பாதி ஸ்பானரைச் சுவரில் வீசினார். காரை பெயர்ந்து விழுந்தது. அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. எங்கள் கல்யாணமான நாள் முதல் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முதல் மாப்பிள்ளையிடம்கூட அவர் ஒரு வார்த்தை கத்தவில்லை. வழக்கறிஞரிடம் போகும்போதும் 'அவர்' என்றுதான் சொன்னார்.

"முட்டாள்தான் மாமா," என்றான் பையன். தலை குனிந்திருந்தான். நகரவில்லை.

இவர் அவன் கையைப் பிடித்து இழுத்தார், உள்ளங்கையைத் திருப்பினார், பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதார். ஸ்பானருக்கு அழுதாரா, பெண்ணுக்கு அழுதாரா, எனக்குத் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

மருமகன்தான் பேசினான். "என் ரூட்ல நிறைய பழைய இரும்புக் கடை இருக்கு மாமா. நீங்க சைக்கிள்ல போகாத இடமெல்லாம் வண்டி போகும். இந்தப் பதினொண்ணையும் திரும்பச் சேர்த்துக் குடுக்காம நான் எங்கயும் போகல."

"சட்டையக் கழட்டு, கீறலுக்கு மருந்து போடணும்," என்றார் இவர்.

சூப்பர்வைசர் வேலை அந்தத் தடவை வேறொருவருக்குப் போயிற்று. மின்னுகிற பதினொன்றையும் இவர் வேனில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒன்றை மட்டும் நான் சமையலறைக்கு எடுத்துக்கொண்டேன். காஸ் குழாய் நட்டை முறுக்க நன்றாகத்தான் இருக்கிறது. பளபளா அதைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு வீட்டில் ஒரு பைத்தியத்துக்கு இரண்டு பைத்தியம் ஆயிற்று. ஞாயிறு விடிந்தால் வேன் வந்து ஹாரன் அடிக்கும். இவர் பையும் மஞ்சள் துணியுமாக முன்சீட்டில் ஏறுவார். வார நாளில் போனில் படம் வரும். "மாமா, இது முக்கோணமா பாருங்க." இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். "அது துரு. கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பாரு." ஒரு நாள் ஸ்பானரே இல்லாத ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான், கதவுத் தாழ்ப்பாளாம் அது. "மாப்ள, நீ வண்டி ஓட்டறப்பவாவது கண்ணத் திறந்துதான ஓட்டற?" என்று இவர் கேட்க, அவன் சிரிக்க, இவர் சிரிக்க, நான் வாளியில் காலை இடித்துக்கொண்டு இரண்டு பேரையும் திட்டினேன். திட்டும்போதே மனசு நிறைந்திருந்தது. மாப்ள என்று எந்த நாளில் கூப்பிட ஆரம்பித்தார் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அவ்வளவு சாதாரணமாக அது நடந்திருந்தது.

வேன் போகிற தூரத்துக்குச் சைக்கிள் போகுமா? ஒன்றரை வருஷத்தில் பதினொன்றும் திரும்ப ஆணி ஏறிவிட்டன. வெட்டுப்பட்ட பாதிகள் பெஞ்சுக்கடியில் கோணியில் கிடக்கின்றன. பழைய கதைதான், பன்னிரண்டாவது மட்டும் இல்லை. பென்சில் கோடு அழிந்து போனதால் மருமகன் அதன் மேல் புதிதாக வரைந்தான்.

இதற்கிடையில் எங்கள் சலவைக்கூடத்தில் பழைய நீராவி இஸ்திரி மெஷினைக் கழித்துக் கட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மெஷினோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதன் காலில் கம்பி போட்டு ஒரு பெரிய ஸ்பானரைக் கட்டி வைத்திருப்போம். உருளை நட்டு லூசானால் யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள் எடுத்து முறுக்குவோம். கை சுடாமலிருக்கக் கைப்பிடி முழுக்கத் துணி சுற்றியிருக்கும். சுற்றின துணி கந்தலானால் அதன் மேலேயே இன்னொரு துணி. மெஷினை வெளியே இழுத்த அன்றைக்குக் கம்பியை அறுத்து அதை ஓரமாகப் போட்டார்கள். ஏதோ தோன்றியது. உட்கார்ந்து துணியைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்றுக்குக் கீழே கறுப்பாக இரும்பு, அதில் சின்னதாக ஒரு முக்கோணம். ஒரு முனையில் இருபத்திநாலு. திருப்பினேன். இருபத்தேழு.

அடி ஆத்தாடி! வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் என் கையில்தான் இருந்திருக்கிறது. இந்த மனுஷன் ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். பராமரிப்பு ஆளைக் கேட்டேன். "இத எடைக்குத்தான் போடப்போறோம், எடுத்துக்கோங்கக்கா," என்றான். பைக்குள் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் தோள்பட்டை இறங்கியது, ஆனால் முழங்கால் வலி தெரியவில்லை. இவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்த யாரோ என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வீட்டில் பெண் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த ஊர்க் கிடங்குலேந்து மறுபடி கேட்டிருக்காங்க," என்றாள். "போன தடவ சேர்ந்தவர் வேலைய விட்டு நின்னுட்டாராம். எப்ப வேணாலும் வாங்க, இடம் காலியாத்தான் இருக்குன்னு சொல்றாங்களாம்."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? மாமா செட்டு முடியட்டும், மறுநாளே கிளம்பலாம்கறாரு. ஒண்ணுதான் பாக்கியாமே."

பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஆமா," என்றேன். "ஒண்ணுதான்."

"கிடைக்குமாம்மா?"

"அவ்வளவு லேசுல கிடைக்குமா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். என் தையல் மெஷின் பெட்டிக்கு அடியில் ஓர் அறை உண்டு, வெட்டுத் துணி போட்டு வைப்பேன். ஸ்பானரை என் பழைய நீல ரவிக்கையில் சுற்றி அதற்குள் தள்ளினேன். தப்புதான். மருமகனின் உத்தியோக உயர்வு அந்த ரவிக்கைக்குள் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாமலில்லை. அந்த மனிதர் இருபது வருஷமாகத் தேடுவது என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பதும் தெரியும். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். எனக்கு என் பெண் அடுத்த தெருவில் வேண்டும். நான் களைத்துப் போயிருக்கிறேன். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்புகிற ஒவ்வொரு ஞாயிறும் நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். இவர் காலி ஆணியைத் துடைத்துவிட்டு, "எங்கதான் ஒளிஞ்சிருக்கோ" என்பார். நான் பாத்திரத்தை உருட்டுவேன்.

போன ஞாயிறு மழை வரும்போல இருந்தது. வேன் வந்து ஹாரன் அடித்தது. இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, அந்தப் பையில் ஒரு பித்தான் அறுந்திருந்ததால் தையல் மெஷின் பெட்டியைத் திறந்தேன். அப்படியே அதுவும் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கலாமென்று அடியறைக்குள் கையை விட்டேன். கனம் கையில் தட்டியது. வெளியே எடுத்தேன்.

நீல ரவிக்கையைக் காணோம். ஸ்பானர் மஞ்சள் பிளானல் துணியில் சுற்றியிருந்தது. பிரித்தேன். எண்ணெய் போட்டு, எழுத்துக்குள் இருந்த அழுக்கெல்லாம் ஊசியால் நோண்டி எடுத்து, முக்கோணம் பளிச்சென்று தெரியும்படி துடைத்திருந்தது. என் ரவிக்கை துவைத்து மடித்துப் பக்கத்தில் இருந்தது.

வாசலில் இவர் குரல் கேட்டது.

"மாப்ள, இன்னிக்கு ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற கடைங்களப் பாத்துட்டு வரலாமா?"

"அங்க போன மாசமே பாத்தோமே மாமா."

"பாத்தா என்ன? புதுசா சரக்கு வந்திருக்கும். நல்லாத் தேடணும்யா. அவசரப்பட்டா கிடைக்காது."

மஞ்சள் துணியை முன்போலவே சுற்றி, அடியறைக்குள் வைத்து, மேலே வெட்டுத் துணிகளைப் போட்டு மூடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையோடு வாசலுக்குப் போனேன். இவர் என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டார்.

"குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேன்," என்றார். "வர சாயங்காலம் ஆகும்."